பெயர்த்தகடு இல்லாத இரண்டு டெலிபிரிண்டர்களும் ஒரு பெட்டி துளைநாடாக்களும்: மாதிரியையும் குறிமுறையையும் எப்படிக் கண்டறிவது?

சுருள்நாடா எழுதியது:

வணக்கம். பழைய தகவல்தொடர்புப் பொறிகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் சிறு குழுவில் நானும் ஒருவன். அண்மையில் எங்களிடம் இரண்டு டெலிபிரிண்டர்களும் (தட்டச்சிட்ட செய்தியைக் கம்பிவழி அனுப்பி, வரும் செய்தியை அச்சிடும் பொறிகள்), ஒரு பெட்டி நிறையத் துளையிட்ட காகித நாடாச் சுருள்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு பொறிகளிலும் தயாரிப்பாளரின் பெயர்த்தகடு இல்லை; கையேடும் இல்லை. இன்னும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை.

முதல் பொறி மிகவும் கனமானது. விசைப்பலகையில் மூன்றே வரிசைகள். மேல் வரிசை விசைகளில் எழுத்துகளோடு 1 முதல் 0 வரை எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. எஸ்-க்கும் எஃப்-க்கும் நடுவிலுள்ள டி விசையில் சிலுவை போன்ற ஒரு குறியும், ஜே விசையில் மணியின் குறியும் இருக்கின்றன. தட்டச்சுப்பொறியில் இருப்பதைப் போன்ற எழுத்துக் கம்பிகள் இதில் இல்லை. வட்டமான ஓர் எழுத்துத் தலை ஒரே இடத்தில் நிற்க, தாளைத் தாங்கும் உருளைதான் பக்கவாட்டில் நகர்கிறது. இரண்டாவது பொறி சற்று எடை குறைந்தது, தாங்கியின் மேல் நிற்பது. நான்கு வரிசை விசைகள் உள்ளன. என் விசையின் மேல் மேல்நோக்கிய அம்பும், ஓ விசையின் மேல் இடப்பக்க அம்பும் காணப்படுகின்றன. இடப்புறத்தில் நாடாவைப் படிக்கும் பகுதியும் துளையிடும் பகுதியும் சேர்ந்தே இருக்கின்றன.

நாடாக்களில் சில ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர் அகலமும் ஐந்து துளை வரிசைகளும் கொண்டவை, மற்றவை 25.4 மில்லிமீட்டர் அகலமும் எட்டு வரிசைகளும் கொண்டவை. குறுகிய நாடாக்கள் சிலவற்றில் துளையின் காகிதவட்டம் முழுவதும் அறுபடாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றின் மேல் எழுத்துகளும் அச்சாகியிருக்கின்றன.

இவை எந்த மாதிரிப் பொறிகள், நாடாக்களில் இருப்பது எந்தக் குறிமுறை, எந்த முனையிலிருந்து படிக்க வேண்டும், நீளவாக்கில் ஓடும் துளை வரிசைகளில் எதை முதல் தடமாகக் கொள்ள வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நாடாக்களை இந்தப் பொறிகளிலேயே ஓட்டிப் படிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

துளைவரிசை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எந்த நாடாவையும் எந்தப் பொறியிலும் ஓட்ட வேண்டாம். பல பத்தாண்டுகள் சுருண்டு கிடந்த காகிதம் மொரமொரப்பாகியிருக்கும். பற்சக்கரம் இழுத்தால் நடுவிலுள்ள சிறு துளைகள்தான் முதலில் கிழியும், அவை கிழிந்தபின் அந்த நாடாவை எந்தப் பொறியும் சரியாக நகர்த்தாது. கறுப்புத் தாளின் மேல் நாடாவைத் தட்டையாகப் பரப்பி, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, பகுதி பகுதியாகப் படமெடுத்துக்கொண்டாலே உள்ளடக்கம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள் என்ற அளவில் துளையிடப்பட்டிருப்பதால், ஒரு மீட்டர் நாடாவில் 400-க்குச் சற்றுக் குறைவான எழுத்துகளே இருக்கும். கண்ணால் பார்த்தே படித்துவிடக்கூடிய அளவுதான்.

இனி ஐந்து தட நாடாவுக்கு வருகிறேன். துளைகளுக்கு நடுவே ஓடும் சிறிய பற்சக்கரத் துளைகளின் வரிசையைப் பாருங்கள். அது நாடாவின் சரிநடுவில் இராது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு தடங்களும் மறுபக்கத்தில் மூன்று தடங்களும் இருக்கும். இரண்டு தடங்கள் உள்ள பக்கம் மேலே வருமாறு நாடாவை வைத்தால், மேலிருந்து கீழாக 1, 2, பற்சக்கரத் துளை, 3, 4, 5 என்று தடங்கள் அமையும். இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு. இரண்டு தடப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்ட பிறகு, நாடாவின் முகப்பைப் பார்த்தாலும் பின்புறத்தைப் பார்த்தாலும் ஒவ்வொரு எழுத்தின் குறியும் மாறாமல் அப்படியே இருக்கும்; எழுத்துகளின் வரிசை மட்டும் முன்பின்னாகத் திரும்பும். ஆகவே தடங்களின் எண்ணைப் பற்றிய ஐயம் இத்துடன் தீர்ந்துவிடுகிறது, திசையை மட்டும் முடிவுசெய்தால் போதும்.

திசையை வரிமுடிவுகள் காட்டிக்கொடுக்கும். காரேஜ் ரிட்டர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் குறி) என்பது நான்காம் தடத்தில் ஒற்றைத் துளை, அதாவது மூன்று தடப் பக்கத்தின் நடுத்துளை. லைன் ஃபீட் (தாளை ஒரு வரி நகர்த்தும் குறி) என்பது இரண்டாம் தடத்தில் ஒற்றைத் துளை, அதாவது இரண்டு தடப் பக்கத்தில் பற்சக்கரத் துளையை ஒட்டியிருப்பது. வண்டி இடப்பக்க ஓரத்துக்குத் திரும்பிச் சேர நேரம் பிடிக்கும் என்பதால், செய்தி அனுப்பியவர்கள் காரேஜ் ரிட்டர்னை முதலிலும் லைன் ஃபீடைப் பிறகும் அனுப்புவார்கள்; பல இடங்களில் காரேஜ் ரிட்டர்னை இரண்டு முறை அனுப்பும் வழக்கமும் இருந்தது. நான்காம் தடத்துளைக்குப் பின் இரண்டாம் தடத்துளை வரும் திசையே படிக்க வேண்டிய திசை. அச்செழுத்து உள்ள நாடாக்களில் இந்த வேலையும் தேவையில்லை, எழுத்துகளே திசையைச் சொல்லிவிடும். ஆனால் அந்த வகைப் பொறிகளில் துளையிடும் இடமும் அச்சிடும் இடமும் சில எழுத்துகள் தள்ளியிருக்கும். ஆதலால் ஓர் எழுத்துக்கு நேரே தெரியும் துளைகளை அந்த எழுத்துக்கு உரியவை என்று கொள்ளக் கூடாது.

குறிமுறையின் தோற்றம் தெரிந்தால் அதை அடையாளம் காண்பது எளிதாகும். எமில் போடோ 1874-இல் காப்புரிமை பெற்ற ஐந்தலகுக் குறிமுறையை (ஓர் எழுத்துக்கு ஐந்து அலகுகள்; நாடாவில் ஒவ்வோர் அலகும் துளை இருக்கும் அல்லது இல்லாத ஓர் இடம்), 1901 வாக்கில் டொனால்ட் மரே தட்டச்சு விசைப்பலகைக்கு ஏற்ப முழுவதுமாக மாற்றியமைத்தார். அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகள் இருந்தால் பொறியின் தேய்மானம் குறையும் என்பது அவருடைய கணக்கு. அதிலிருந்து வளர்ந்ததே ஐ.டி.ஏ. 2 என்னும் பன்னாட்டுக் குறிமுறை. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ என்ற எழுத்துக்கு முதல் தடத்தில் மட்டும் துளை; ஆர்-க்கும் ஒய்-க்கும் நடுவிலுள்ள டி என்ற எழுத்துக்கு ஐந்தாம் தடத்தில் மட்டும் துளை; இடைவெளிக்கு மூன்றாம் தடத்தில் மட்டும் துளை. நாடாவில் ஒற்றைத் துளை வரிசைகள் நிறையத் தென்பட்டு, மூன்றாம் தடத்தின் தனித்துளை நான்கைந்து எழுத்துகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால், அது இந்தக் குறிமுறையில் எழுதப்பட்ட ஆங்கில உரை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். முதல் தடம் தொடங்கித் துளையை 1 என்றும் துளையின்மையை 0 என்றும் எழுதினால், 01010, 10101 என்று மாறி மாறி நீண்டு செல்லும் பகுதி இருந்தால் அது ஆர், ஒய் என்ற இரண்டு எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிய சோதனை. அதில் ஐந்து அலகுகளும் ஒவ்வொரு எழுத்திலும் மாறுவதால் இணைப்பைச் சரிபார்க்க அதையே பயன்படுத்தினார்கள். ஒரே குறி எழுத்துநிலையில் ஓர் எழுத்தையும், எண்நிலையில் ஓர் எண்ணையோ அடையாளத்தையோ குறிக்கும். ஐந்து துளைகளும் உள்ள 11111 எழுத்துநிலைக்குத் திரும்பும் குறி. தவறாக அடித்த எந்தக் குறியின் மேலும் மீதித் துளைகளையும் போட்டு அதை இந்தக் குறியாக மாற்றிவிடலாம் என்பதால் பிழையை அழிக்கவும் அதுவே பயன்பட்டது. 11011 எண்நிலைக்கு மாறும் குறி.

எழுத்துநிலையில் அமெரிக்கப் பொறிகளும் ஐரோப்பியப் பொறிகளும் ஒன்றேதான். வேறுபாடு எண்நிலையில்தான் வெளிப்படும். ஐ.டி.ஏ. 2-இல் எஸ்-இன் எண்நிலை மேற்கோள் குறி, ஜே-இன் எண்நிலை மணி. அமெரிக்க வழக்கில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். எஸ்-க்கும் எஃப்-க்கும் நடுவிலுள்ள டி-இன் எண்நிலை பன்னாட்டு முறையில் 'நீ யார்' என்று எதிர்முனைப் பொறியைக் கேட்கும் குறி; அமெரிக்க முறையில் அது டாலர் குறி. ஒரு சொல்லின் நடுவே 11011-ஐ அடுத்து 10100 வந்தால் பன்னாட்டு முறை, 11010 வந்தால் அமெரிக்க முறை என்று பிரித்துவிடலாம். அமெரிக்கப் பொறிகள் பலவற்றில் இடைவெளி வந்தவுடன் தானாகவே எழுத்துநிலைக்குத் திரும்பும் ஏற்பாடு இருந்தது. எனவே எண் தொகுதிகளுக்கு நடுவில் ஒவ்வோர் இடைவெளிக்குப் பிறகும் 11011 மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல தடயம்.

எழுத்துருளை எழுதியது:

பொறிகளைப் பற்றி நான் சொல்கிறேன். பெயர்த்தகடு கழன்றுபோயிருக்கலாம், மேலுறையை வேறு பொறியிலிருந்து எடுத்துப் பொருத்தியிருக்கலாம். அச்சிடும் முறையை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். எனவே அடையாளத்தை அங்கிருந்து தொடங்குவதே நம்பகமானது.

முதல் பொறியின் மூன்று வரிசை விசைப்பலகை அது ஐந்தலகுப் பொறி என்பதை உறுதியாகச் சொல்கிறது. சிலுவைக் குறி 'நீ யார்' என்பதன் அடையாளம். ஜே-இல் மணி இருப்பதும் அதோடு பொருந்துவதால் அது பன்னாட்டு எண்நிலை கொண்டது. அமெரிக்காவின் டெலிடைப் நிறுவனம் செய்த மாதிரி 15 என்றால் எழுத்துக் கம்பிகள் கொண்ட கூடை நகரும், தாளுருளை நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் சொல்வது அதற்கு நேர்மாறானது. சுழலும் எழுத்துத் தலையும் பக்கவாட்டில் நகரும் தாள்வண்டியும் சேர்ந்து வருவது இங்கிலாந்தின் க்ரீட் நிறுவனத்தின் மாதிரி 7 பொறிகளின் அமைப்பு. 1930-களின் தொடக்கத்தில் அறிமுகமாகி மிக நீண்ட காலம் பணியில் இருந்தவை அவை. எழுத்துத் தலைக்குள் தனித்தனியாக அடுக்கப்பட்ட எழுத்துகளும், தேர்வான எழுத்தைப் பின்னாலிருந்து அடித்துத் தாளின் மேல் படச் செய்யும் சிறு சுத்தியலும் இருக்கின்றனவா என்று மேலுறையை எடுத்துப் பாருங்கள். இருந்தால் ஐயமில்லை. 7-இன் உட்பிரிவுகளைப் புகைப்படம் பார்க்காமல் பிரித்துச் சொல்வது பொறுப்பாகாது.

இரண்டாவது பொறி டெலிடைப் மாதிரி 33 என்றே தோன்றுகிறது. நாடா வசதியோடு இருப்பதால் ஏ.எஸ்.ஆர். என்று குறிப்பிடப்படும் வகை. 1963-இல் வெளிவந்த இந்தப் பொறி அதே ஆண்டில் வெளியான ஆஸ்கி என்னும் ஏழலகுக் குறிமுறையைப் பின்பற்றியது. மேலம்பும் இட அம்பும் அந்த 1963 ஆஸ்கிக்கு உரியவை. பின்னாளைய திருத்தத்தில் அவற்றின் இடத்தை வேறு குறிகள் பிடித்துக்கொண்டன. இருந்தாலும் இரண்டைச் சரிபார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மாதிரி 35-உம் இதே விசையமைப்பைக் கொண்டது. ஆனால் அது மிகக் கனமான கட்டுமானம், அதில் எழுத்துகள் தட்டையான ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். 33-இல் விரலளவு உயரமுள்ள ஓர் உருளையைச் சுற்றி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். உருளை திரும்பி, ஏறி இறங்கித் தனக்குரிய எழுத்தைத் தாளுக்கு நேரே கொண்டுவரும், பின்னாலிருந்து சுத்தியல் அடிக்கும். மாதிரி 32 வெளித்தோற்றத்தில் 33-ஐப் போன்றே இருக்கும். ஆனால் அது ஐந்தலகுப் பொறி, மூன்று வரிசை விசைகளே உண்டு. உங்களுடையதில் நான்கு வரிசைகள் இருப்பதால் அது விலக்கப்படுகிறது.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன், ஏனெனில் நாடாவைப் பார்த்து வேகத்தைக் கணிக்க முயல்பவர்கள் பலர். நாடாவில் வேகம் பதிவாவதில்லை. அதைப் பொறியின் பல்லிணைகளும் மோட்டாருமே தீர்மானிக்கின்றன. அமெரிக்க ஐந்தலகுப் பொறிகளில் 45.45 பாட் (நொடிக்கு அனுப்பும் அலகுகளின் எண்ணிக்கை), ஐரோப்பியப் பொறிகளில் 50 பாட் என்பது பரவலான வழக்கம். 33-க்கு 110 பாட், அதாவது நொடிக்குப் பத்து எழுத்துகள்.

எட்டுத்தடம் எழுதியது:

அகன்ற நாடாக்களை ஒரே குவியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டுத் தட நாடா என்றாலே ஆஸ்கி என்று கொண்டு படிக்கத் தொடங்கினால் பாதி நாடாக்கள் குப்பையாகத் தெரியும், அவற்றைப் பாழானவை என்று ஒதுக்கிவிடவும் நேரும். அப்படி ஒதுக்கப்பட்டுக் காணாமல் போனவை ஏராளம் என்பதால் வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

பற்சக்கரத் துளையின் ஒரு பக்கம் மூன்று தடங்களும் மறுபக்கம் ஐந்து தடங்களும் இருக்கும். மூன்று தடப் பக்கத்தின் ஓரத்திலிருந்து 1, 2, 3 என்றும், பற்சக்கரத் துளையைத் தாண்டி 4 முதல் 8 வரையும் எண்ணுங்கள். பிறகு எந்தக் குறியையும் படிக்க முயலாமல், எழுத்துள்ள பகுதியில் ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் எத்தனை துளைகள் என்று மட்டும் எண்ணுங்கள். எல்லா வரிசைகளிலும் இரட்டைப்படை வந்தால் அது இரட்டைச் சமநிலை (துளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி எட்டாம் தடத்தில் துளை சேர்க்கும் ஏற்பாடு) கொண்ட ஆஸ்கி. இரட்டையும் ஒற்றையும் கலந்து வந்து, ஆனால் எட்டாம் தடம் மட்டும் ஒரு வரிசைகூட விடாமல் தொடர்ந்து துளைக்கப்பட்டிருந்தால், அது எட்டாம் அலகை எப்போதும் போட்டுவிடும் ஏற்பாடு கொண்ட 33-இல் உருவான ஆஸ்கி. இதை எண்ணக்கூட வேண்டியதில்லை. நாடாவை வெளிச்சத்தில் பிடித்தாலே ஓரத்தில் முறியாத ஒரு கோடு தெரியும். லைன் ஃபீடை வைத்தும் உறுதிசெய்யலாம்: இரட்டைச் சமநிலையில் அதற்கு 2, 4 ஆகிய தடங்களில் மட்டும் துளை, மற்ற வகையில் 2, 4, 8. காரேஜ் ரிட்டர்ன் இரண்டு வகையிலும் 1, 3, 4, 8 தான், எனவே அது இந்தச் சோதனைக்கு உதவாது.

எல்லா வரிசைகளிலும் ஒற்றைப்படை வந்தால் அது டெலிபிரிண்டர் நாடாவாக இல்லாமல் இருக்க வாய்ப்பு மிகுதி. நாடாவிலுள்ள கட்டளைகளின்படி இயங்கும் எண்கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கான ஈ.ஐ.ஏ. ஆர்.எஸ்.-244 குறிமுறையில் ஐந்தாம் தடம் ஒற்றைச் சமநிலைக்காக ஒதுக்கப்பட்டது. அதில் 1, 2, 4, 8 என்ற எண்களுக்கு முறையே முதல் நான்கு தடங்களில் ஒரே ஒரு துளை; 3-க்கு 1, 2 ஆகிய தடங்களோடு ஐந்தாம் தடமும் சேரும்; பூஜ்யத்துக்கு ஆறாம் தடம் மட்டும். ஒரு கட்டளைத் தொகுதி முடிந்தது என்பதை எட்டாம் தடத்தில் தனித்து நிற்கும் ஒற்றைத் துளை காட்டும்; அந்தக் குறியைக் கண்டுவிட்டால் வேறு சான்றே தேவையில்லை. ஃபிரைடன் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸோரைட்டர் என்னும் நாடாத் தட்டச்சுப்பொறிகளின் எட்டுத் தடக் குறிமுறையும் இதற்கு மிக நெருக்கமானது. உள்ளடக்கம் அலுவலகக் கடிதமா, இயந்திரக் கட்டளையா என்பதை வைத்தே இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். இயந்திர நாடாக்களில் தொகுதி எண்கள் ஏறுவரிசையில் வரும் என்பதால் திசையைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை.

சுருள்நாடா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தோம். முதல் பொறியின் மேலுறையை எடுத்தபோது எழுத்துத் தலைக்குப் பின்னால் சுத்தியல் இருந்தது. இரண்டாவதில் இருப்பது உருளைதான். அகன்ற நாடாக்களில் பெரும்பாலானவற்றில் எட்டாம் தடம் முறியாத கோடாக ஓடுகிறது. இரண்டு சுருள்களில் மட்டும் எல்லா வரிசைகளிலும் ஒற்றைப்படைத் துளைகள், எட்டாம் தடத் தனித்துளையும் ஒழுங்கான இடைவெளியில் வருகிறது.

குறுகிய நாடாக்களில்தான் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அச்செழுத்துள்ள சுருள்களில் எண்களுக்கு முன்னால் 11011, 10010 என்று வருகிறது. ஒவ்வோர் இடைவெளிக்குப் பிறகும் 11011 திரும்ப வருகிறது. அப்படியானால் அவை அமெரிக்க முறையைச் சேர்ந்தவை, முதல் பொறியோடு தொடர்பில்லாதவை என்று கொள்ளலாமா? இன்னொரு சுருளில் காரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் சரியாகவே அமைந்திருக்கின்றன, ஆனால் பல வரிகளின் தொடக்கத்தில் துளையே இல்லாத ஒரு வரிசை வருகிறது. எழுத்துகள் ஆங்கிலச் சொற்களாகவும் அமையவில்லை.

துளைவரிசை எழுதியது:

அச்செழுத்துள்ள சுருள்களைப் பற்றி நீங்கள் கொண்ட முடிவு சரியே. 10010 என்பது எஸ்-க்கும் எஃப்-க்கும் நடுவிலுள்ள டி-இன் குறி. எண்நிலையில் அதையடுத்து எண்கள் வருவதால் அது டாலர் குறியாகவே இருக்க முடியும், செய்தியின் நடுவில் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் எதிர்முனையை 'நீ யார்' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். துளையின் வட்டத்தை முழுவதும் வெட்டாமல் நாடாவின் மேலேயே அச்சிடும் பழக்கமும் டெலிடைப் மாதிரி 14 துளைப்பொறிகளோடு பொருந்துகிறது. அந்தச் சுருள்களைத் தனிப் பெட்டியில் வைத்து, எங்கிருந்து வந்தன என்பதையும் குறித்துவையுங்கள்.

மற்றச் சுருளுக்கு எனக்குத் தோன்றுவது இது. சோவியத் ஒன்றியத்தில் வழங்கிய எம்.டி.கே.-2 குறிமுறை ஐ.டி.ஏ. 2-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் துளையில்லாத 00000 என்ற குறி ரஷ்ய எழுத்துநிலைக்கு மாறுவதற்குப் பயன்பட்டது. ரஷ்ய எழுத்துகள் பெரும்பாலும் ஒலியொத்த ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைக்கப்பட்டிருப்பதால், ஆங்கில எழுத்தில் படித்தாலும் ரஷ்யச் சொற்களின் ஒலி ஓரளவு தெரியும். எண்களும் சரியாகவே வரும். எனவே உங்கள் எழுத்துத் தொகுதிகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ரஷ்யம் அறிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். எண்களும்கூடப் பொருளற்று வந்தால் அது செய்தி நாடாவே அல்ல என்று கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக், பின்னர் வந்த எலியட் 803 போன்ற கணினிகள் ஐந்து தட நாடாவைத் தங்களுக்கே உரிய குறிமுறைகளோடு பயன்படுத்தின.

எழுத்துருளை எழுதியது:

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இரண்டு பொறிகளும் ஒரே வகை மின்தொடர்பு கொண்டவை அல்ல. க்ரீட் பொறிகள் பெரும்பாலும் கூட்டல் 80, கழித்தல் 80 வோல்ட் என்று இரு திசையிலும் மின்னோட்டம் மாறும் இணைப்பில் பணியாற்றியவை. 33 பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியர் மின்சுற்றில் இயங்குவது. இவற்றில் எதையும் இன்றைய கணினியின் தொடர் இணைப்பில் நேரடியாகச் செருகினால் கணினி பழுதாகிவிடக்கூடும். மோட்டாரை இயக்குவதற்கு முன் இறுகிப்போன மசகை நீக்கி, அச்சாணியைக் கையால் சுழற்றி, எங்கும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

33-ஐ இயக்க முடிந்தால், அதை வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் லோக்கல் நிலையில் வைத்து, துளையிடும் பகுதியில் புதிய நாடாவைச் செருகி, ஏ, பி, சி என்ற மூன்று விசைகளை மட்டும் அடியுங்கள். ஏ-க்கும் பி-க்கும் இயல்பாகவே இரண்டிரண்டு துளைகள், சி-க்கு மூன்று. இரட்டைச் சமநிலை கொண்ட விசைப்பலகை என்றால் சி-க்கு மட்டுமே எட்டாம் தடத்தில் துளை விழும். எப்போதும் போடும் வகை என்றால் மூன்றுக்கும் விழும். மூன்றுக்கும் விழுந்தால், முறியாத கோடுள்ள அந்தச் சுருள்கள் இந்தப் பொறியிலேயே உருவானவையாக இருக்கக்கூடும்; சி-க்கு மட்டும் விழுந்தால் அவை வேறொரு பொறியில் உருவானவை என்று குறித்துக்கொள்ளலாம்.